அமிலத்துக்குக் காரத்துவம் எப்படி வந்தது?

மழைக்குருவி | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நான் வேதியியல் படித்தவன் இல்லை, பி.காம். மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடம் நடக்கிறது. இன்று சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

அதில் அமிலங்களைக் 'காரத்துவத்தின் அடிப்படையில்' பிரித்திருக்கிறார்கள். ஒற்றைக் காரத்துவ அமிலம், இரு காரத்துவ அமிலம், மும்மைக் காரத்துவ அமிலம். அவள் கேட்பது இதுதான்: "அப்பா, அமிலமும் காரமும் ஒன்றுக்கொன்று எதிர் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் அமிலத்துக்கே காரத்துவம் இருக்கிறது என்கிறார்களே. சல்ப்யூரிக் அமிலத்துக்குள் காரம் இருக்கிறதா?"

டியூஷனில் கேட்டாளாம். "ஹைட்ரஜனை எண்ணு, அவ்வளவுதான்" என்றார்களாம். எண்ணிப் பார்த்து அசிட்டிக் அமிலத்துக்கு நான்கு என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று சிவப்பு மையில் ஒரு கோடு. ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை அழாத குறை. தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சோதனைக்குழாய் | ஞாயிறு, இரவு 9.32

ஒரு அமில மூலக்கூறில் உள்ள, உலோகத்தால் பதிலீடு செய்யக்கூடிய ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையே அந்த அமிலத்தின் காரத்துவம். அசிட்டிக் அமிலத்தில் நான்கு ஹைட்ரஜன் இருந்தாலும் கார்பாக்சில் தொகுதியில் (COOH என்ற பகுதி) உள்ள ஒன்றை மட்டுமே பதிலீடு செய்ய முடியும். மற்ற மூன்றும் கார்பனோடு ஒட்டியவை, கழன்று வராது. அதனால் ஒன்று. பரீட்சைக்கு இது போதும் சார்.

மழைக்குருவி | ஞாயிறு, இரவு 9.41

நன்றி சார். நான்கு ஏன் தப்பு என்பது இப்போது புரிந்தது. ஆனால் வரையறை புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் சந்தேகம் பெயரைப் பற்றியது. கழலும் ஹைட்ரஜனைத்தான் எண்ணுகிறோம் என்றால் 'ஹைட்ரஜன் எண்ணிக்கை' என்றே சொல்லலாமே. காரம் எங்கிருந்து வந்தது?

புளியமரத்தடி | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, உங்கள் மகளிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். முப்பத்தொரு வருஷம் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுத்தேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நீங்கள் மளிகைக் கடை வைத்திருப்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். அரிசி வாங்க வருகிறவர் "இது எத்தனை தண்ணி வாங்கும்?" என்று கேட்பார். பழைய அரிசி என்றால் கூட வாங்கும், புது அரிசி என்றால் குறைய வாங்கும் என்பீர்கள். அரிசிக்குள் தண்ணீர் இருக்கிறது என்றா அதற்கு அர்த்தம்? வேகும்போது அது எவ்வளவு தண்ணீரை ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் பேச்சு. அதே மாதிரிதான் காரத்துவம். ஒரு மூலக்கூறு அமிலம் முழுதாக உப்பாக மாற எத்தனை பங்கு காரம் வாங்கும்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கு வாங்கும். சல்ப்யூரிக் இரண்டு பங்கு. பாஸ்பாரிக் மூன்று பங்கு. அமிலத்துக்குள் இருக்கிற காரத்தை யாரும் எண்ணவில்லை. அது வாங்கும் காரத்தைத்தான் எண்ணுகிறோம்.

ஹைட்ரஜன் கணக்கு பின்னால் வந்தது. அமிலத்துக்குள் ஹைட்ரஜன்தான் வேலை செய்கிறது என்று தெரிவதற்கு வெகு காலம் முன்பே, எந்த அமிலம் எவ்வளவு காரம் வாங்கும் என்று ஆய்வாளர்கள் அளந்துகொண்டிருந்தார்கள். பாரிஸில் ரூவெல் என்ற ஆசிரியர் இருந்தார். நவீன வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியரே அவர் வகுப்பில் உட்கார்ந்து கேட்டவர். 1754இல் ரூவெல்தான் உப்புக்கு ஒரு வரையறை கொடுத்தார். அமிலம் ஆவியாகவும் திரவமாகவும் ஓடக்கூடியது. அதை நிறுத்தி, கட்டிப்படுத்தி, திட உப்பாக நிற்க வைக்க ஒரு அடித்தளம் வேண்டும். அந்த அடித்தளத்துக்கு அவர் வைத்த பெயர்தான் 'பேஸ்'. வீட்டுக்குப் போடும் பேஸ்மட்டமும் அதே வார்த்தைதான். எத்தனை பேஸ் வாங்கும் என்பது 'பேசிசிட்டி' ஆனது. நாம் பேஸ் என்பதைக் காரம் என்று மொழிபெயர்த்ததால் பேசிசிட்டி காரத்துவம் ஆகிவிட்டது. குழந்தை குழம்புவது நியாயம்.

லவாய்சியர் அமிலத்துக்கு உயிர் ஆக்சிஜன் என்று நம்பினார். ஆக்சிஜன் என்ற பெயருக்கே 'புளிப்பை உண்டாக்குவது' என்றுதான் பொருள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது என்று பிறகு ஆங்கிலேய வேதியியலாளர் டேவி காட்டினார். அமிலம் என்றால் உலோகத்துக்கு இடம் விடக்கூடிய ஹைட்ரஜன் உள்ள சேர்மம் என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1838இல் எழுதிய பிறகுதான் நம் புத்தகத்து வரையறை உருவாகிறது. பெயர் பழையது, விளக்கம் புதியது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். மோலார் என்பது ஒரு லிட்டரில் எத்தனை மூலக்கூறுகள் என்பதன் அளவு. கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் 20 மில்லி, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரம் மிஞ்சினால் ரோஸாகும் நிறங்காட்டி). 19 மில்லி போகும்வரை ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் சொட்டு விழுகிற இடத்தில் ரோஸ் நிறம் ஒரு நூல் மாதிரி இறங்கும், குடுவையைச் சுழற்றினால் மறையும். 20ஐத் தொட்டதும் மறையாமல் நிற்கும். இப்போது குடுவையைக் கழுவிவிட்டு அதே 20 மில்லி, அதே 0.1 மோலார் ஆக்சாலிக் அமிலம் எடுங்கள். 20 மில்லி விட்டாலும் நிறம் நிற்காது. 30க்கும் நிற்காது. 40க்குத்தான் நிற்கும். மூலக்கூறுகள் அதே எண்ணிக்கை, வாங்கிய காரம் இரண்டு மடங்கு. என் மாணவர்களை இரண்டாவது குடுவைக்கு முன்னால் நிற்க வைத்து வரையறை எதுவும் சொல்லாமல் காத்திருப்பேன். "சார், இது இன்னும் வாங்குது சார்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அந்த 'வாங்குது' வந்துவிட்டால் பாடம் முடிந்தது.

சோதனைக்குழாய் | ஞாயிறு, இரவு 10.48

ஐயா, இத்தனை வருஷம் படித்தும் இப்படி யோசித்ததில்லை. எனக்கும் எண்ணத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றி.

வடமராட்சி வாசகி | திங்கள், காலை 6.15

நல்ல உரையாடல். யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த சொற்களையும் சேர்த்துவிடுகிறேன். எங்கள் பாடநூல்களில் பேஸ் என்பது 'மூலம்'. நீரில் கரையும் மூலத்தைத்தான் 'காரம்' என்போம். ஆக ஐதரோகுளோரிக் அமிலம் ஒருமூல அமிலம், சல்பூரிக் அமிலம் இருமூல அமிலம். ஐயா சொன்ன ரூவெலின் அடித்தளத்தோடு 'மூலம்' அப்படியே பொருந்துகிறது. 'இருமூல அமிலம்' என்றபோது எங்களுக்கு முரண்பாடாக ஒன்றும் தோன்றியதில்லை. காரம் என்ற சொல்லில்தான் எரிச்சல், உறைப்பு எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது.

புளியமரத்தடி | திங்கள், காலை 6.50

மிகச் சரி அம்மா. காரம் என்ற சொல் தமிழில் ரொம்ப அலைந்த சொல். சவுக்காரம், வெங்காரம், படிகாரம் எல்லாவற்றிலும் இருக்கிறது. இதில் படிகாரத்தைக் கரைத்து லிட்மஸ் வைத்தால் நீலத்தாள் சிவக்கும், அமிலக் கரைசல்! பெயரை மட்டும் நம்பினால் அங்கேயும் சறுக்கும்.

இரண்டாம் முயற்சி | திங்கள், மதியம் 1.20

ஐயா வணக்கம். நான் நீட் தேர்வுக்கு இரண்டாவது தடவை படிக்கிறேன். 'வாங்கும்' விளக்கம் மனசில் நின்றுவிட்டது. ஆனால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். காரத்துவம் இரண்டு என்கிறார்கள். போரிக் அமிலத்திலும் மூன்று ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். காரத்துவம் ஒன்று! ஹைட்ரஜன் மூன்றும் ஆக்சிஜனோடுதான் ஒட்டியிருக்கிறது, கார்பன் கூட கிடையாது. அப்புறம் அமீன்களின் (அமோனியா வகைச் சேர்மங்கள்) பேசிசிட்டி வரிசை என்று ஒரு கேள்வி வருகிறது. அந்த பேசிசிட்டியும் இதுவும் ஒன்றா? ஆங்கிலத்தில் ஒரே வார்த்தைதான் போட்டிருக்கிறது.

புளியமரத்தடி | திங்கள், இரவு 8.40

உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பாஸ்பரஸ் வரிசையை முதலில் எடு. பாஸ்பாரிக் அமிலத்தில் நான்கு ஆக்சிஜன், மூன்று ஹைட்ரஜன். மூன்று ஹைட்ரஜனும் ஆளுக்கொரு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, மூன்றும் கழலும். பாஸ்பரஸ் அமிலத்தில் ஒரு ஆக்சிஜன் குறைகிறது. ஒரு ஹைட்ரஜன் நேராகப் பாஸ்பரஸின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பிணைப்பில் மின்சுமை ஒருபக்கமாகப் பெரிதாக இழுபடுவதில்லை. காரம் வந்து கேட்டாலும் அந்த ஹைட்ரஜன் எழுந்திருக்காது. மீதி இரண்டு மட்டும் கழலும், அதனால் இரண்டு. ஹைப்போபாஸ்பரஸ் அமிலத்தில் இன்னும் ஒரு ஆக்சிஜன் குறைவு, இரண்டு ஹைட்ரஜன் பாஸ்பரஸின் மேல், காரத்துவம் ஒன்று. மூன்று அமிலத்திலும் ஹைட்ரஜன் மூன்றுதான்; வாங்கும் காரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்குகிறது. வாய்ப்பாட்டைப் பார்க்காதே, அமைப்பை வரைந்து பார்.

போரிக் அமிலம் வேறு ஜாதி. அதில் நீ சொன்ன மாதிரி மூன்று ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றில் ஒன்றைக்கூட அது கொடுப்பதில்லை. போரானுக்கு எண்மம் நிறையவில்லை, வெளியோட்டில் ஆறு எலக்ட்ரான்தான். அதனால் அது தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ராக்சைடைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. தண்ணீர் இழந்த ஹைட்ரஜன் அயனிதான் கரைசலில் அமிலமாகத் தெரிகிறது. ஒரு ஹைட்ராக்சைடு சேர்ந்ததும் எட்டு நிறைந்துவிட்டது, இரண்டாவதற்கு இடம் இல்லை. ஆகவே ஒரு பங்கு காரம் மட்டும் வாங்கும். பதிலீடு செய்யும் ஹைட்ரஜன் என்ற வரையறை இங்கே நொண்டுகிறது பார், ஆனால் 'எத்தனை காரம் வாங்கும்' என்ற பழைய கேள்வி இங்கேயும் சரியாக நிற்கிறது.

கேரம் போர்டில் தூவுகிற பவுடரைத் தொட்டிருப்பாய். வழவழப்பாக இருக்கும் அந்தப் போரிக் பவுடர்தான் இது. மிக மிக வலிமை குறைந்த அமிலம், பிகேஏ 9.2 (இந்த எண் பெரிதாக ஆக அமிலத்தின் வலிமை குறையும்). வெறுமனே சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தால் (சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தால்) பினாப்தலீன் நிறம் திடீரென்று மாறாது, மெதுமெதுவாக வெளிறிய ரோஸாக ஊறிக்கொண்டே வரும். முடிவு நிலை எது என்று கை தடுமாறும். அதே குடுவையில் கிளிசரினோ மானிட்டாலோ சேர்த்தால் அவை போரானைச் சுற்றி வளைத்துக்கொண்டு அமிலத்தின் வலிமையைக் கூட்டிவிடும், ஒரே சொட்டில் நிறம் பளிச்சென்று மாறும். கவனி: வலிமை கூடியது, காரத்துவம் அதே ஒன்றுதான்.

பிப்பெட் பிடித்த கை | திங்கள், இரவு 9.55

ஐயா சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மரியாதையோடுதான் சொல்கிறேன்.

ஒரு உணவுப்பொருள் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருக்கிறேன். பாஸ்பாரிக் அமிலம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது தரம் பார்ப்பேன். மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியைப் போட்டால் முதல் ஹைட்ரஜன் தெரியும். பினாப்தலீன் போட்டால் அதற்கு இரண்டு மடங்கு, இரண்டாவது தெரியும். மூன்றாவது? எத்தனை சொட்டு விட்டாலும் வராது. என் பியூரெட் இரண்டு என்று சொல்கிறது, புத்தகம் மூன்று என்கிறது. எத்தனை காரம் வாங்கும் என்பதுதான் அளவுகோல் என்றால், தண்ணீரில் பாஸ்பாரிக் இரு காரத்துவ அமிலம் என்றுதானே சொல்ல வேண்டும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மூன்று என்று போட்டுக் கணக்குப் பார்த்து ஒரு தொகுதிக்கான செறிவைத் தப்பாக எழுதிவிட்டேன். மேலதிகாரி மறுபடி எடுத்துப் பார்த்ததால் தப்பித்தது. அன்றிலிருந்து புத்தகத்தைவிட பியூரெட்டைத்தான் நம்புகிறேன்.

புளியமரத்தடி | செவ்வாய், காலை 5.40

இரவே படித்தேன், யோசித்துவிட்டு எழுதலாம் என்று விட்டேன். தம்பி, உங்கள் பியூரெட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது முழுதாகப் பேசவில்லை.

பாஸ்பாரிக்கின் மூன்று பிகேஏ மதிப்புகள் ஏறத்தாழ 2.1, 7.2, 12.4. மூன்றாவது ஹைட்ரஜன் அவ்வளவு இறுக்கம். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடின் பிஹெச்சே பன்னிரண்டு, பதின்மூன்றுதான். அது வந்து கேட்டாலும் மூன்றாவது ஹைட்ரஜன் பாதி மனசோடுதான் போகும். அதனால் நிறங்காட்டிக்குப் பளிச்சென்ற தாவல் கிடைக்காது.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். பினாப்தலீன் ரோஸ் நின்ற பிறகு அதே குடுவையில் நடுநிலையான கால்சியம் குளோரைடு கரைசலைத் தாராளமாகச் சேருங்கள்.

பிப்பெட் பிடித்த கை | செவ்வாய், மாலை 6.30

செய்தேன் ஐயா. 0.1 மோலார் பாஸ்பாரிக் 10 மில்லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மில்லிக்குக் கொஞ்சம் முன்பே ரோஸ் வந்தது. கால்சியம் குளோரைடு ஊற்றியதும் குடுவை பால் மாதிரி வெளுத்தது, ரோஸ் நிறம் போய்விட்டது! மறுபடி சோடியம் ஹைட்ராக்சைடு விட ஆரம்பித்தேன். வீழ்படிவு அடர்த்தியாக இருந்ததால் நிறம் பார்க்கச் சிரமம், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு நிற்கவைத்துப் பார்த்தேன். 30க்குப் பக்கத்தில் ரோஸ் நின்றது. நாலு வருஷமாக இந்த அமிலத்தைக் கையாள்கிறேன். மூன்றாவதை இன்றுதான் பார்த்தேன். என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புளியமரத்தடி | செவ்வாய், இரவு 7.15

வாபஸ் எல்லாம் வேண்டாம், நீங்கள் கேட்டிராவிட்டால் இது இங்கே வந்தே இருக்காது. கால்சியம் மூன்றாவது ஹைட்ரஜனின் இடத்தில் உட்கார்ந்து, கரையாத பாஸ்பேட்டாக அடியில் இறங்கிவிடுகிறது. வெளியேற்றப்பட்ட ஹைட்ரஜன் அயனி உங்கள் ரோஸைத் தின்றுவிட்டது.

மும்மைக் காரத்துவம் கண்டுபிடிக்கப்பட்டதே ஏறக்குறைய இந்த வழியில்தான். அப்போது பிஹெச் என்ற அளவே கிடையாது. கிளாஸ்கோவில் தாமஸ் கிரஹாம் 1833இல் பாஸ்பேட்டுகளைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்து ஆய்வாளர்களுக்கு ஒரு பெரிய புதிர். சாதாரண சோடியம் பாஸ்பேட் கரைசல் லிட்மஸுக்கு லேசான காரம். சில்வர் நைட்ரேட் நடுநிலை. இரண்டையும் கலந்தால் மஞ்சளாக வீழ்படிவு இறங்குகிறது, மேலே தெளிந்த நீரைத் தொட்டுப் பார்த்தால் அது அமிலமாக இருக்கிறது! அமிலம் எங்கிருந்து வந்தது? அந்த சோடியம் உப்பில் இரண்டு இடத்தில் சோடியம், மூன்றாம் இடத்தில் காரத்துக்குப் பதிலாகத் 'தண்ணீர்' உட்கார்ந்திருக்கிறது என்றார் கிரஹாம். நம் பாஷையில் அது ஹைட்ரஜன். சில்வர் மூன்று இடத்தையும் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளுகிறது. அதே உப்பை நன்றாகச் சூடாக்கிவிட்டுக் கரைத்தால் வீழ்படிவு மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாக வரும், ஏனென்றால் தண்ணீரை இழந்து அது பைரோபாஸ்பேட் ஆகிவிட்டது. ஒரே பாஸ்பரஸ், தண்ணீர் மட்டும் வேறு வேறு அளவு, அதனால் வாங்கும் காரமும் வேறு வேறு. ஒரு அமிலம் ஒன்றுக்கு மேற்பட்ட காரப் பங்கை வாங்கலாம் என்ற எண்ணமே அங்கேதான் வேர் விட்டது.

ஆக, காரத்துவம் எண்ணிக்கை. எவ்வளவு எளிதாகக் கழலும் என்பது வலிமை. ஹைட்ரோகுளோரிக் வலிமையான அமிலம், காரத்துவம் ஒன்று. எலுமிச்சையின் சிட்ரிக் வலிமை குறைந்தது, காரத்துவம் மூன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பரீட்சைத் தாள்களில் நான் அதிகம் பார்த்த தப்பு.

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 10.05

இந்த இழையைப் படிக்கப் படிக்க ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் வேலை. எங்களுக்கு பேசிசிட்டி தினசரி வார்த்தை. ஆனால் எங்கள் பேசிசிட்டி ஒன்று, இரண்டு, மூன்று இல்லை. 33 சதவீதம்!

குரோம் பவுடர் மூட்டையிலேயே 33 என்று அச்சடித்திருக்கும். பேசிக் குரோமியம் சல்பேட். ஒரு குரோமியம் அயனி மூன்று ஹைட்ராக்சைடு வரைக்கும் பிடிக்கலாம். மூன்றில் ஒரு இடத்தில் ஹைட்ராக்சைடு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம். இரண்டு இடத்தில் இருந்தால் 67. பேசிசிட்டி குறைவாக இருக்கும்போது குரோமியம் சின்னச் சின்னதாக இருந்து தோலின் நடுவரை ஊடுருவும், ஆனால் கெட்டியாகப் பிடிக்காது. பேசிசிட்டி ஏற ஏற அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துத் தோலின் நாரை இறுக்கிப் பிடிக்கும். அதனால் முதலில் அமிலத்தில் ஊறிய தோலில், பிஹெச் 3 பக்கம், குரோமை உள்ளே போகவிடுவோம். நடுவெட்டு வெட்டிப் பார்த்து முழுக்க நீலம் போயிருந்தால் அப்புறம் சோடியம் பைகார்பனேட்டைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, மூன்று நான்கு தவணையாக, தவணைக்கு அரைமணி இடைவெளி விட்டு டிரம்மில் விடுவோம். பிஹெச் 3.8 வந்ததும் நிறுத்தி ஓட விடுவோம். கடைசியில் ஒரு துண்டு வெட்டி, பென்சிலால் ஓரத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போடுவோம். எடுத்து அதே கோட்டின் மேல் வைத்தால் உட்கார வேண்டும். சுருங்கினால் குரோம் பிடிக்கவில்லை.

தொழிலுக்கு வந்த முதல் வருஷம், நான் வேலை பார்த்த இடத்தில் அவசரத்தில் நாலு தவணையையும் ஒரே தவணையாக விட்டுவிட்டார்கள். பக்கெட் கவிழ்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் டிரம் திறந்தால் தோலின் மேல் திட்டுத் திட்டாகக் கரும்பச்சை. குரோம் மேலேயே கட்டிவிட்டது, அந்தக் கறை எதற்கும் போகவில்லை.

ஐயா, எங்கள் பேசிசிட்டியும் உங்கள் காரத்துவமும் ஒரே குடும்பமா, இல்லை வெறும் பெயர் ஒற்றுமையா?

புளியமரத்தடி | புதன், காலை 6.00

அடடா, இதை என் வகுப்பில் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்றே. ஒரே குடும்பம்தான் தம்பி, ஆனால் கேள்வி திரும்பிவிட்டது. அமிலத்தைப் பற்றிப் பேசும்போது 'எத்தனை காரம் வாங்க முடியும்' என்று கேட்கிறோம். உங்கள் குரோம் உப்பைப் பற்றிப் பேசும்போது 'வாங்க முடிந்த மூன்றில் எத்தனை பங்கு ஏற்கெனவே வாங்கிவிட்டது' என்று கேட்கிறீர்கள். அதனால்தான் சதவீதம். நீங்கள் விடும் ஒவ்வொரு தவணை சோடாவும் அந்தச் சதவீதத்தை ஏற்றுகிறது.

இரண்டாம் முயற்சி | புதன், காலை 7.30

ஐயா, அமீன் கேள்வி பாக்கி இருக்கிறது...

வடமராட்சி வாசகி | புதன், காலை 8.10

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி, ஐயா குறை இருந்தால் திருத்தட்டும். அமீனில் கேட்பது எண்ணிக்கை அல்ல, வலிமை. 1923இல் பிரான்ஸ்டெட், லவ்ரி என்ற இரு வேதியியலாளர்கள் தனித்தனியே சொன்னபடி மூலம் என்றால் புரோத்தனை (ஹைட்ரஜன் அயனியை) ஏற்பது. எவ்வளவு ஆவலாக ஏற்கும் என்பதே அங்கே பேசிசிட்டி. நைதரசனில் உள்ள தனித்த எலக்ட்ரான் சோடி எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். மெதைல் கூட்டம் எலக்ட்ரானைத் தள்ளிக் கொடுப்பதால் மெதைலமீன் அமோனியாவை விட வலிது. அனிலீனில் அந்தச் சோடி பென்சீன் வளையத்துக்குள் பரவிவிடுவதால் மிகவும் மெலிது. நீர்க் கரைசலில் டைமெதைல், மோனோமெதைல், ட்ரைமெதைல், அமோனியா என்று இறங்கும். ட்ரைமெதைல் மூன்றாம் இடத்துக்குப் போவது, புரோத்தனை ஏற்ற பிறகு நீர் மூலக்கூறுகள் வந்து சூழ அங்கே இடம் குறைவு என்பதால். வாயு நிலையில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே அதுவே முதலிடம். கேள்வியில் 'நீர்க் கரைசலில்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

புளியமரத்தடி | புதன், காலை 8.45

குறை ஒன்றும் இல்லை அம்மா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று பையன் வருத்தப்பட்டான். நம் பாடநூலில் எண்ணிக்கைக்குக் காரத்துவம், வலிமைக்குக் காரத்தன்மை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், திருத்துகிறவர்களும் பல நேரம் விட்டுவிடுகிறார்கள்.

மழைக்குருவி தம்பி, உங்கள் கடையில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு இருக்கும். சிட்ரிக் ஆசிட் விற்பீர்கள், ஆப்பசோடாவும் விற்பீர்கள். பேக்கரி சாமான் கடையில் டார்டாரிக் ஆசிட் கிடைத்தால் கொஞ்சம் வாங்குங்கள். புளியின் புளிப்பு அதுதான். சிட்ரிக் 21 கிராம், டார்டாரிக் 15 கிராம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகள். தனித்தனிப் பாத்திரத்தில் வெந்நீரில் கரைத்து, நுரை நிற்கும்வரை ஆப்பசோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, எவ்வளவு செலவானது என்று மகளை எழுதச் சொல்லுங்கள். பெரிய பாத்திரமாக எடுங்கள், பொங்கும். சிட்ரிக்கில் கடைசியில் நுரை சோம்பலாக வரும், அவசரப்படாமல் கிளறிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடையை நான் சொல்ல மாட்டேன்.

மழைக்குருவி | வியாழன், இரவு 9.20

செய்துவிட்டோம் ஐயா! கடையை எட்டு மணிக்கே சாத்திவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். டார்டாரிக் 17 கிராம் சோடா வாங்கியது, சட்டென்று நின்றுவிட்டது. சிட்ரிக் 20 தாண்டியும் நுரைத்துக்கொண்டே இருந்தது, பிறகு நீங்கள் சொன்ன மாதிரி மெதுவாகி 25க்குத்தான் நின்றது. 17க்கும் 25க்கும் நடுவில் என்ன கணக்கு என்று அவளாகவே காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். "இது ரெண்டு வாங்குது, அது மூணு வாங்குது" என்றாள். நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்று கேட்டாள். ஆப்பசோடாவுக்குப் பதில் சலவை சோடா போட்டால் எவ்வளவு ஆகும் என்று. எனக்குத் தெரியவில்லை.

புளியமரத்தடி | வியாழன், இரவு 9.50

அவள் இப்போது காரத்தின் பக்கம் நின்று கேட்கிறாள். ஒரு காரம் எத்தனை பங்கு அமிலம் வாங்கும் என்பதற்கு அமிலத்துவம் என்று பெயர், அதே பாடத்தில் அடுத்த பத்தி. ஆப்பசோடா ஒரு பங்குதான் வாங்கும், சலவை சோடா இரண்டு பங்கு. நீர் இல்லாத சலவை சோடா என்றால் அதே 21 கிராம் சிட்ரிக்குக்குப் பதினாறு கிராம் போதும். பளிங்கு மாதிரிக் கட்டியாக இருப்பது என்றால் உள்ளே தண்ணீர் நிறைய இருக்கும், நாற்பத்து மூன்று கிராம் வரை போகும். உங்கள் கடையில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள். சலவை சோடா கையைப் பதம் பார்க்கும், கரண்டியால் எடுக்கச் சொல்லுங்கள்.